அப்பா விட்டுக்கொடுக்காத அரை மணி நேரம்

எங்கள் நாட்டில் ஒரு வருஷத்தின் கடைசி அரை மணி நேரம் நடக்கவே இல்லை. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபாவும் சரவாக்கும் நாங்களும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. டிசம்பர் கடைசி நாள் ராத்திரி பதினொன்றரை ஆனதும் எல்லோரும் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்துவிட்டு, புத்தாண்டு வாழ்த்து சொல்லிக்கொண்டோம். நடுவிலிருந்த அரை மணி நேரத்தை யாரும் வாழவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, எப்படியும் தூங்கித்தான் கழித்திருப்பேன். வருத்தமெல்லாம் அப்பாவுக்குத்தான்.

"அரை மணி நேரம் எங்க போச்சு? யாரு எடுத்துக்கிட்டா?" என்று மறுநாள் காலையில் கேட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அப்பா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜாகாவாக இருந்தவர். ராத்திரி முழுக்கக் காவல், விடிவதற்கு முன்னால் எல்லோரையும் எழுப்பிவிடுவது, இதுதான் ஜாகா வேலை. தோட்ட ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அப்பா இரும்புக் கம்பியால் அடித்தால் தொழிலாளர் இருக்கும் லயத்து வீடுகளில் விளக்கு எரியும், அடுப்பு புகையும், பெரட்டுக்கு ஆள் கூடும், கணக்கெழுதும் கிராணி வந்து பேர் கூப்பிடுவார். அப்பா அடிக்காவிட்டால் விடியாது. இது அப்பாவே எங்களிடம் சொன்னது. வெள்ளைக்கார துரைகூடத் தான் அடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பார் என்பார். துரை எப்போது கண்ணைத் திறந்தார் என்று பார்த்தவர் யாரும் இல்லாததால் நாங்களும் மறுத்துப் பேசியதில்லை.

எழுபதுகளில் அந்தத் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். தண்டவாளம் போனது, கம்பி போனது, ஆனால் நேரத்துக்குத் தான்தான் பொறுப்பு என்ற எண்ணம் மட்டும் அப்பாவை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அரை மணி நேரத்தை எடுத்துவிட்டால் சும்மா இருப்பாரா? சுவர்க் கடிகாரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குள் பழைய டைம். வாசலைத் தாண்டினால் புது டைம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்த்தது ஈப்போ டவுனில் ஒரு சீனருடைய கடிகாரக் கடையில். புத்தாண்டு கழிந்து கடை திறந்த அன்று எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி நேரம் முன்னால் தள்ளியவள் நான்தான். கைக்கடிகாரங்களைத் திருகிவிட்டால் போதும். மணி அடிக்கும் சுவர்க் கடிகாரங்களை அப்படிச் செய்ய முடியாது. முள்ளை மெதுவாக நகர்த்த வேண்டும், அடிக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, அது அடித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கணக்குக் குழம்பிவிடும். அன்று காலையெல்லாம் கடைக்குள் ஒரே மணிச் சத்தம். கடை முதலாளி தவுக்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் கடிகாரம் ஓடவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஜாம் தா சாலா, ஓராங் சாலா." கடிகாரம் மேல் தப்பில்லை, ஆள்மேல்தான் தப்பு என்று அர்த்தம். சாயங்காலம் அவ்வளவு கடிகாரங்களையும் திருத்திய கையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா சுவரைக் காட்டி, "என்ன பாப்பா, இன்னைக்கு அரை மணி சீக்கிரமா வந்துட்ட?" என்றார்.

அந்த நாள்களில் புந்தோங்கே இரண்டாகப் பேசிக்கொண்டிருந்தது. யார் எந்த மணி சொன்னாலும் உடனே, "பழைய டைமா, புது டைமா?" என்று ஒரு கேள்வி வரும். டாக்சிக்காரர் கேட்பார், சாப்பாட்டுக் கடைக்காரர் கேட்பார். படத்துக்குப் போனவர்கள் பாதிப் படத்திலிருந்து பார்த்துவிட்டு, கதை புரியவில்லை என்று வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் கிளம்பினார்கள். ராகு காலத்தையும் தள்ளிவைக்க வேண்டுமா என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். ராகு கடிகாரத்தைப் பார்த்து வருகிறாரா, சூரியனைப் பார்த்து வருகிறாரா என்று என்னைத்தான் கேட்டாள். கடிகாரக் கடையில் இருப்பவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. எனக்கு என்ன தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா இரண்டு ராகு காலத்துக்கும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் கல்யாணத்தில் வந்து முட்டும் வரை.

மாப்பிள்ளை சித்தியவான்காரர். எங்கள் கடைக்குக் கைக்கடிகார வார் மாற்ற வந்தவர். வார் நீளமாக இருக்கிறது என்று ஒரு நாள் வந்தார், குட்டையாக இருக்கிறது என்று இன்னொரு நாள் வந்தார், நிறம் பிடிக்கவில்லை என்று பிறகு வந்தார். ஒரு வாருக்காக ஒரு மனிதன் சித்தியவானிலிருந்து பஸ் ஏறி இத்தனை தடவை வரமாட்டான் என்று தவுக்கேவுக்கே புரிந்துவிட்டது. பிறகு பெரியவர்கள் முறைப்படி வந்து பேசினார்கள், எல்லாம் பொருந்தியது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணப் பெண் இதை அப்போது வெளியில் சொல்லக் கூடாது, அதனால் இப்போது சொல்கிறேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். குருக்கள் நட்சத்திரமும் லக்கினமும் பார்த்து, அன்று நல்ல நேரமே அரை மணிதான் என்றார். காலை ஒன்பதரையிலிருந்து பத்து வரை. அதற்கு முன்னால் லக்கினம் சரியில்லை, அதற்குப் பின்னால் நட்சத்திரம் சரியில்லை. சரியென்று பத்திரிகை அடித்துக் கார்த்திகை மாதமே கொடுத்தும் முடித்துவிட்டோம். நேரம் மாறப்போகிறது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ் கம்பெனியில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரைவர் இரண்டு நிமிஷம் பிந்தி பஸ்ஸை எடுத்தாலும் மேலே எழுதிப் போட்டவர். காப்பியைக் குடித்து முடித்து, "சரி சம்பந்தி, ஒம்பதரைக்கு டாண்ணு தாலி ஏறிரணும்லா" என்றார்.

"ஏறிரும், ஏறிரும். பழைய டைம் ஒம்பதரைதானே" என்றார் அப்பா.

சம்பந்தி தம்ளரைக் கீழே வைத்தார். "பழைய டைமா? அப்படி ஒண்ணு இப்ப எங்க இருக்கு?"

அப்பா சுவரைக் காட்டினார். அங்கே அது ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் வாதம் இது. நேரம் குறித்தது பழைய டைமில், அதனால் பத்திரிகையில் இருப்பதும் பழைய டைம். புதுக் கடிகாரத்தில் அது பத்திலிருந்து பத்தரை. சம்பந்தியின் வாதம் வேறு. அச்சடித்த நேரம் அச்சடித்த நேரம்தான், ஒன்பதரை என்றால் நாட்டில் இருக்கும் கடிகாரம் எல்லாம் காட்டுகிற ஒன்பதரை. பஸ் டைம்டேபிளைப் பார்த்துவிட்டு, இது நேற்று ஒன்பதரையா இன்று ஒன்பதரையா என்று எவனாவது கேட்பானா? அரசாங்கம் கடிகாரத்தைத்தான் தள்ளியது, நட்சத்திரத்தையுமா தள்ளியது என்று அப்பா கேட்டார். சம்பந்தி பதிலுக்குக் குரலை உயர்த்தினார்.

இரண்டு பேரும் எழுந்து குருக்களிடம் போனார்கள். குருக்கள் நல்ல மனிதர், அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொல்றதுதான் சாஸ்திரம்" என்றார். சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊரறியப் பத்திரிகை வச்ச பிறகு மாத்துறது நல்லதில்லதான்" என்றார். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு திரும்பி வந்தார்கள். என் தரப்பு, மாப்பிள்ளை தரப்பு இரண்டிலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை இருந்தது. நேரம் தப்பிக் கட்டின தாலி கட்டினது ஆகாது. தன் நேரத்தில் நடக்கவில்லையென்றால் பையனை மணவறையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சம்பந்தி சொல்லிவிட்டுப் போனார். தன் நேரத்துக்கு முன்னால் நடந்தால் பெண்ணை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று அப்பா எங்களிடம் சொன்னார். அம்மாதான், "அன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி எல்லோரையும் தூங்கப் போகச் சொன்னாள். எனக்கு எங்கிருந்து தூக்கம் வரும்?

அந்த நாளும் வந்தது. புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபம். போய் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது சுவரில் மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைத்தான். மனசு ஒடிந்துவிட்டது. ஏணி போட்டு ஏற ஆள் கிடைக்காமல் அதை அப்படியே விட்டிருந்தார்கள். அது பழைய டைம் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதற்கு நேர் கீழே போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிர்ப்பக்கம் சம்பந்தி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

குருக்கள் மந்திரத்தை வேகமாகச் சொல்வார், அப்பா இருமுவார், உடனே மெதுவாகச் சொல்வார். சம்பந்தி செருமுவார், மறுபடி வேகம் பிடிப்பார். தாலியைத் தட்டில் வைத்துச் சபை முழுக்கக் காட்டி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தாயிற்று. இனி கட்ட வேண்டியதுதான் பாக்கி.

"கட்டுப்பா, என்ன பார்த்துக்கிட்டு இருக்க? இன்னும் கொஞ்ச நேரத்துல பத்தாயிரும்" என்றார் சம்பந்தி.

"நேரம் இன்னும் தொடங்கவே இல்ல. யாரும் கட்டக் கூடாது" என்றார் அப்பா.

தாலியைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நிமிர்ந்து பார்க்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள், நானும் பார்த்தேன். பாவம், அந்த மனிதர் ஒரு வாரை மாற்ற வந்து இங்கே மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இரண்டு கிழவர்களையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும் போல் இருந்தது. தட்டில் இருந்து எடுத்த தாலியைத் திரும்பத் தட்டில் வைத்தால் அதோடு முடிந்தது, பிறகு எத்தனை நல்ல நேரம் பார்த்தாலும் இந்தக் கல்யாணம் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பின்னால் விளக்கோடு நின்றது மாப்பிள்ளையின் அக்கா. நல்ல பருமன், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. குனிந்து என் காதில், "தங்கச்சி, நீதான் கடிகாரக் கடைக்காரி. ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி நடுவுல ஒரு நேரம் இருக்கும்ல, பாரு" என்றார்.

சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். "இல்ல அண்ணி. உங்க அப்பாவோட நேரம் முடியற இடத்துலதான் எங்க அப்பாவோட நேரம் தொடங்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"வாசப்படி மாதிரி. இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் இவரு."

அண்ணி எட்டித் தம்பி கையிலிருந்த தாலிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு என் கழுத்துக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அட, முடிச்சு மூணு இருக்குல்ல" என்றார்.

எங்கள் பக்கம் தாலிக்கு மாப்பிள்ளை முதல் முடிச்சு போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டு முடிப்பார். அண்ணி விளக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தம்பியிடம், "நீ உன்னோடதைப் போடு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவர் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. சித்தியவான்காரர்கள் அட்சதையை அள்ளி வீசினார்கள். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து, பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்ட திருப்தியோடு கையை இறக்கினார்.

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். முகம் சிவந்துவிட்டது. அண்ணி தாலிக் கயிற்றின் இரண்டு முனைகளையும் விரலில் பிடித்துக்கொண்டு, "மாமா, அவசரப்படாதீங்க. இன்னும் கட்டி முடிக்கல. ஒரு முடிச்சுதான் விழுந்திருக்கு. மிச்சம் உங்க நேரத்துலதான். எப்பன்னு நீங்க சொல்லுங்க, அப்பத்தான் போடுவேன்" என்றார்.

அப்பா நின்றார். புந்தோங்காரர்கள் அட்சதையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் கையைக் காட்டாததால் மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார், நாதஸ்வரக்காரரின் கன்னம் வெடித்துவிடும் போல் ஆகிவிட்டது. சம்பந்தியின் கணக்கில் நான் கல்யாணமானவள், அப்பாவின் கணக்கில் இன்னும் ஆகாதவள். அந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை, கணவராக என்னிடம் முதல் வார்த்தை பேசினார். "கால் மரத்துப் போச்சு" என்றார்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். காலியாக இருந்த ஒரு தாம்பாளத்தையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒன்பதரையில் வந்து நின்றது. அப்பா கையை ஓங்கி அடித்தார். அந்தத் தாம்பாளம் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அண்ணி இரண்டு முடிச்சையும் போட்டார், புந்தோங்காரர்களின் அட்சதை விழுந்தது, எனக்கு முழுசாகக் கல்யாணம் ஆனது. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தான் சொன்னபடிதான் நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சித்தியவானுக்குப் போன பிறகு, மாதத்தில் ஒரு நாள் காலை பஸ் பிடித்து அப்பா அம்மாவைப் பார்க்க வருவேன். திரும்பிப் போக ஐந்து மணிக்குக் கடைசி பஸ். நான் பையை எடுத்தால் போதும், அப்பா சுவரைக் காட்டி, "இன்னும் அரை மணி இருக்குலா, உக்காரு பாப்பா" என்பார். முதல் தடவை அது பழைய டைம் என்பதையே மறந்து உட்கார்ந்தேன், பஸ் போய்விட்டது. மாமனார் பழைய செக்கர் அல்லவா, பஸ் நேரம் பார்க்கத் தெரியாத மருமகள் வந்து வாய்த்தாளே என்று ஒரு வாரம் பேசினார். அப்பாமேல் எனக்குக் கோபமான கோபம். உலகமே மாறிவிட்டது, இந்த மனிதர் மட்டும் பிடிவாதத்தை விடமாட்டேன் என்கிறாரே என்று அம்மாவிடம் திட்டித் தீர்த்தேன். அதற்குப் பிறகு அவர் "உக்காரு" என்றாலும் உட்காராமல் ஓடிவிடுவேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை வந்திருந்தபோது, துவைப்பதற்காக ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையை எடுத்தேன். பையில் வார் இல்லாத பழைய கைக்கடிகாரம் ஒன்று கிடந்தது. ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பழக்கம் விடவில்லை, என் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. புது டைம்.

"அம்மா, இது யாருது?"

"அப்பாதுதான். கடைக்கு, கிளினிக்குக்கு, கோயிலுக்கு எல்லாம் அதைப் பார்த்துத்தானே போறாரு."

"எப்பருந்து?"

"நீ கல்யாணம் ஆகிப் போனதுலருந்து" என்றாள் அம்மா, அரிசியைக் களைந்துகொண்டே.

"அப்ப செவுத்துல ஓடுறது?"

"அது எங்க ஓடுது? சும்மா நிக்கும். நீ வர்ற அன்னைக்குக் காலையில ஸ்டூல் போட்டு ஏறி, அரை மணி பின்னால வச்சு, சாவி கொடுத்துட்டு இறங்குவாரு. நாஞ்சொன்னேன்னு சொல்லிராத."

நான் சட்டையைத் துவைக்காமல், கடிகாரத்தைப் பையில் போட்டுத் திரும்ப ஆணியிலேயே மாட்டினேன். சாயங்காலம் வழக்கமாகக் கிளம்பும் நேரம் தாண்டிய பிறகுதான் என் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"மணி நாலரைதான். இன்னும் அரை மணி இருக்கு" என்றார்.

கடைசி பஸ் அப்போது ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். மாமனார் என்ன பேசுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஆமாப்பா, நாலரைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.